விளையாட்டை விடாத விஞ்ஞானி

கடந்த மாதம் எனது மகன் வீட்டிலிருந்த பழைய ரேடியோவைக் கழற்றி, பாகங்களைத் தரை முழுவதும் பரப்பி வைத்திருந்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லாத நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று ஏசிவிட்டு, எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டேன். அன்றிரவு குளோட் ஷெனனின் நினைவு வந்தது. பல்கலைக்கழகத்தில் அவரது கோட்பாட்டைப் படித்தவன் நான். அவரது விளையாட்டுக்களைப் பற்றிப் பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

1916இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த ஷெனன், கேலோர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தார். சிறுவயதிலேயே, வேலியின் முட்கம்பியைப் பயன்படுத்தி அரை மைல் தூரத்திலிருந்த நண்பனின் வீட்டுக்குத் தந்தித் தொடர்பு ஏற்படுத்தினார். 1937இல் எழுதிய முதுமாணி ஆய்வில், மின் ஆளிகளைக் கொண்டு தர்க்கக் கணிதத்தைச் செய்யலாம் என்று காட்டினார். இன்றைய கணினிச் சுற்றுக்களுக்கு அது அடித்தளம். 1948இல் பெல் ஆய்வுகூடத்தில் இருந்தபோது, தகவலையும் அளக்கலாம் என்று நிறுவினார். நமது கைபேசியில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் அவரது கணிதத்தின் துணை இருக்கிறது.

இத்தனை பெரிய மனிதர் அதே ஆய்வுகூடத்தின் நடைபாதைகளில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டினார். பந்துகளை மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைப் பழகியதோடு நில்லாமல், அதற்கொரு கணிதச் சூத்திரமும் எழுதினார். ரோம இலக்கங்களில் கணக்குச் செய்யும் இயந்திரமொன்றைச் செய்தார். இன்னொரு பெட்டியின் ஆளியைப் போட்டால், மூடி திறந்து ஒரு கை வெளியே வரும். ஆளியை அணைத்துவிட்டு உள்ளே போய்விடும். அந்தப் பெட்டிக்கு வேறு வேலையே இல்லை.

1950 அளவில் அவர் செய்த தீசியஸ் என்ற எலி புகழ்பெற்றது. 25 சதுரங்கள் கொண்ட புதிர்ப்பாதையில் முட்டி மோதி வழி கண்டுபிடிக்கும். இரண்டாம் தடவை தவறாமல் நேராகப் போகும். ஞாபகம் எலியிடம் இருக்கவில்லை. பலகைக்கு அடியிலிருந்த தொலைபேசி ஆளிகளில் இருந்தது. இயந்திரம் கற்றுக்கொள்ளும் என்பதைக் காட்டிய ஆரம்பகால முயற்சிகளுள் அதுவும் ஒன்று. முதுமாணி ஆய்வில் எழுதிய அதே ஆளிகள்தாம் எலியாக ஓடின. அவரிடம் படிப்பும் விளையாட்டும் இரண்டாக இருக்கவில்லை.

எல்லாவற்றையும் நான் மெச்சவில்லை. 1961இல் எட்வர்ட் தோர்ப்புடன் சேர்ந்து, சூதாட்டச் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று கணிக்கும் சிறிய கருவியைச் செய்து லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோனார். அந்த நோக்கம் நமக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் உடலில் அணியும் முதல் கணினி என்று அதையே சொல்கிறார்கள்.

கடைசிக் காலத்தில் அல்சைமர் நோய் ஷெனனின் ஞாபகத்தைப் பறித்தது. எலிக்கு ஞாபகம் கொடுத்தவர் தன் ஞாபகத்தை இழந்து, 2001 பெப்ரவரியில் காலமானார்.

பிள்ளைகள் பரீட்சையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஷெனனும் கணிதம், மின் பொறியியல் இரண்டிலும் பட்டம் பெற்றவர்தான். ஆனால் புள்ளிக்காக மட்டும் படிக்கும் பிள்ளை, புள்ளி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடும். ஒன்றைக் கழற்றிப் பார்க்கும் ஆசை அப்படி முடிவதில்லை.

மறுநாள் காலையில் குப்பை வண்டி வந்துபோய்விட்டது. ரேடியோவை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஓடாமல் கிடந்த எனது மேசை விசிறியையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் மகனின் மேசையில் வைத்தேன். இன்னும் அவன் அதைத் தொடவில்லை. காத்திருக்கிறேன்.