டாக்டர் வராத வீடு

1899-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அட்லாண்டா நகரம். ஒரு பேராசிரியரின் வீட்டில் ஆண் குழந்தை ஒன்று நோயில் துடித்துக் கொண்டிருந்தது. தலைப்பிள்ளை. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தொண்டை அடைப்பான் நோய் கண்டிருந்தது.

தகப்பனார் டாக்டரைத் தேடி அலைந்தார். ஊரில் வெள்ளைக்கார டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் கறுப்பர் வீட்டுக் குழந்தையைப் பார்க்க அவர்கள் வரமாட்டார்கள். கறுப்பு டாக்டர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

மே 24-ந் தேதி குழந்தை இறந்துவிட்டது.

சவ ஊர்வலம் சென்றபோது, வழியில் போன வெள்ளையர்கள் ஒரு பார்வை பார்த்தார்கள். ஓர் இழிசொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மண்ணில் மகனைப் புதைக்கத் தகப்பனாருக்கு மனம் வரவில்லை. உடலை ரெயிலில் ஏற்றி, வடக்கே தமது சொந்த ஊருக்குக் கொண்டு சென்றார்.

அவர் சாதாரண மனிதர் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் "டாக்டர்" பட்டம் பெற்ற முதல் கறுப்பர். பெயர், வில்லியம் டூபாய்ஸ்.

ஏழைத் தாயின் மகன்

டூபாய்ஸ் 1868-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் வீட்டு வேலை செய்து மகனை வளர்த்தார்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். தாய் இறந்த பிறகு, அந்தப் பகுதி மாதா கோவில்கள் பணம் திரட்டிக் கல்லூரிக்கு அனுப்பின. ஜெர்மனிக்கும் சென்று படித்தார். 1895-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

வீடு வீடாக...

1896-ல் நீனா என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டு பிலடெல்பியா நகரில், கறுப்பர்கள் நெருக்கமாக வாழ்ந்த 7-வது வார்டில் தம்பதி குடியேறினார்கள்.

அங்கே டூபாய்ஸ் வீடு வீடாக ஏறி இறங்கினார். எத்தனை பேர், என்ன தொழில், என்ன கூலி, படிக்கத் தெரியுமா என்று எழுதிக்கொண்டார். 2,441 குடும்பங்களில் 334 குடும்பங்களுக்குத்தான் குளியல் அறையும் கழிவறையும் இருந்தன. இந்த ஆராய்ச்சி 1899-ல் புத்தகமாக வந்தது. மகனைப் பறிகொடுத்ததும் அதே ஆண்டில்தான்.

நீனா அந்தத் துயரத்தில் இருந்து மீளவே இல்லை. டூபாய்ஸ் துயரத்தை மறக்க வேலையில் மூழ்கினார்.

ரத்தமா, வாழ்க்கையா?

கறுப்பர்கள் அதிகமாக இறப்பதற்கு அவர்களுடைய பிறவிக் குறையே காரணம் என்று, 1896-ல் ஒரு வெள்ளைக்காரப் புள்ளிவிவர நிபுணர் புத்தகம் எழுதியிருந்தார். பலர் அதை நம்பினார்கள்.

1906-ல் டூபாய்ஸ் அதற்குப் பதில் கொடுத்தார். கறுப்பர்களின் உடல்நலம் பற்றி ஓர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார்.

பிலடெல்பியாவில் வெள்ளையரைவிடக் கறுப்பர்களின் குழந்தைகளே அதிகமாக இறந்தன. அது உண்மை. ஆனால் 20 ஆண்டுகளுக்கு முன்பு, அதே ஊரில் வெள்ளைக் குழந்தைகள் அதைவிட அதிக விகிதத்தில் இறந்திருந்தன. 20 ஆண்டுகளில் வெள்ளையரின் ரத்தமா மாறிவிட்டது? இல்லை. அவர்கள் வாழ்ந்த நிலைமை மாறியது.

சுகாதாரம், படிப்பு, நல்ல வருமானம் ஆகிய மூன்றும் கிடைத்தால் கறுப்பர்களின் சாவும் குறையும் என்று அந்த நூல் எடுத்துக்காட்டியது.

1909-ல் கறுப்பர்களின் முன்னேற்றத்துக்காக ஒரு சங்கம் தோன்றியது. அதை அமைத்தவர்களில் டூபாய்ஸ் ஒருவர். 1910 முதல் 1934 வரை சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். ஆண்டுதோறும் அக்டோபரில் குழந்தைகள் மலர் வரும். பக்கம் பக்கமாக, கொழுகொழுவென்று சிரிக்கும் கறுப்புக் குழந்தைகளின் படங்கள் இருக்கும்.

நீனா 1950-ல் இறந்தார். மகனைப் புதைத்த இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். 1961-ல் டூபாய்ஸ் ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டில் குடியேறினார். 1963-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 95.

கதவு திறந்தது

அடுத்த ஆண்டே சம உரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகு, தென்பகுதி மருத்துவமனைகள் கறுப்பர்களுக்குக் கதவைத் திறந்தன. மிசிசிப்பி மாநிலத்தில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறந்த கறுப்புக் குழந்தைகளின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. டூபாய்ஸ் சொன்னது பலித்தது.

ஆனால் வேற்றுமை ஒழியவில்லை. 2022-ல் அமெரிக்காவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில், முதல் பிறந்த நாளுக்கு முன்பே இறந்தவை வெள்ளையரிடம் 4.5, கறுப்பரிடம் 10.9.

படித்தவர்கள் வீட்டிலும் இந்த வேற்றுமை உண்டு. பெற்றோர் இருவரும் கல்லூரிப் படிப்பு முடித்த குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. 1992-ல் அதன் முடிவு வெளியாயிற்று. அங்கும் கறுப்புக் குழந்தைகளின் சாவு ஏறக்குறைய இரு மடங்கு. எடை குறைவாகப் பிறப்பதே முக்கிய காரணம். வாழ்நாள் எல்லாம் தாய் சுமக்கும் அவமதிப்பும் கவலையும் வயிற்றில் உள்ள சிசுவைப் பாதிக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பெற்றோரின் படிப்பு மட்டும் ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிடாது. 1899-ல் அட்லாண்டாவில் அந்தப் பேராசிரியர் வீட்டில் நடந்ததும் அதுதான்.