திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், உத்தரமேரூருக்கு அணித்தான மதுராந்தகப் பகுதியிலே, கோழியாளம் என்னும் சிற்றூரில் ஜனித்தவர் ஸ்ரீமான் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். கோயம்புத்தூரில் கல்வி பயின்றபோது தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சிச் சக மாணாக்கரோடு கலவாது, பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே தங்கியிருப்பாராம். அத்தகைய பிள்ளையே 1893-ல் தம் சமூகத்தின் பெயரையே சூட்டிப் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார் என்பது சிந்திக்கற்பாலது.

பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் துவிபாஷியாகப் பல்லாண்டுகள் பணியாற்றித் தாயகம் திரும்பினார். 1923-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமன அங்கத்தினரானார்.

அடுத்த ஆண்டே அவர் கொண்டுவந்த தீர்மானந்தான் அவர் வாழ்வின் சிகரம். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம். சர்க்கார் காரியாலயம், பொதுக்கிணறு, குளம், ஜனங்கள் கூடுமிடம் யாவற்றையும் மற்றையோரைப் போலவே அணுகலாம் என்பதே அதன் சாரம். சபை அதனை ஏற்றது. 1925-ல் சர்க்கார் கெஜட்டிலும் வெளியாயிற்று. பொதுச் சாலையில் நடப்பதற்கும் ஒரு தீர்மானமா என்று இன்று இளைஞர் வியப்பர். கெஜட்டில் அச்சான மாத்திரத்தில் கிராமத் தெருக்கள் திறந்துவிடவில்லை என்பதும் மெய்யே. ஆயினும், வழிமறிக்கப்பட்டவன் அதுமுதல் இரந்து நிற்க வேண்டுவதின்றி, உத்தரவைக் காட்டி உரிமை கேட்கலாயினான். இவ்வேறுபாடு சிறிதன்று.

1930, 1931-ஆம் ஆண்டுகளில் டாக்டர் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேஜை மகாநாட்டிற்குச் சென்றார். 1932-ல் பூனா ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டார். 1936-ல் திவான் பகதூர் பட்டம் பெற்ற அப்பெரியார், 1945 செப்டம்பர் 18-ல் காலஞ்சென்றார்.