நடந்து நாடறிந்த கால்டுவெல்



அயர்லாந்து தேசம் அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கனாட் என்ற நான்கு பழைய மாகாணங்களையும், அவற்றுள் 32 கவுண்டிகளையும் கொண்டது. நம் முன்னோர் சோழ நாடு, பாண்டிய நாடு என்று வகுத்து, நமது கொங்கு நாட்டையும் 24 நாடுகளாகப் பிரித்து வழங்கியது போன்றதே அது.

அல்ஸ்டரைச் சேர்ந்த ஆன்ட்ரிம் கவுண்டியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814-ம் ஆண்டு பிறந்தவர் ராபர்ட் கால்டுவெல். இவர் நம் சபையினர் அல்லர், பிரிந்த சகோதரர். ஆயினும் இவரது வாழ்க்கை நமக்கு ஒரு பாடம்.

1838-ல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். 1841-ல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டபோது, கால்நடையாகவே செல்லத் தீர்மானித்தார். ஜனங்களோடு பழகி, அவர்கள் பேச்சையும் வழக்கத்தையும் அறிய வேண்டுமென்பதே அவரது எண்ணம். தஞ்சை, திருச்சி, நீலகிரி, கோவை, மதுரை என நாடு நாடாகக் கடந்து, இறுதியில் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியை அடைந்தார். அங்கே சுமார் ஐம்பது ஆண்டுகள் உழைத்தார். 1847-ல் தொடங்கிய கோயில் 1880-ல்தான் நிறைவுற்றது. 1856-ல் வெளிவந்த அவரது ஒப்பிலக்கண நூல், தமிழும் அதன் சகோதர மொழிகளும் ஒரே குடும்பம் என்று உலகறியச் செய்தது. 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரத்தையும் எழுதினார்.

ஆனால் ஒரு குறையும் உண்டு. 1849-ல் நாடார் மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல், அவர்கள் மனதை ஆழமாகப் புண்படுத்தியது. பின்னாளில் பலத்த கண்டனமும் எழுந்தது. அவர்கள் நடுவிலேயே வாழ்ந்தவர் அவர். ஆயினும் ஒரு ஜனத்தைப் பற்றி அறிவது வேறு, அவர்களை மதித்து அறிவது வேறு என்பதற்கு இது சாட்சி.

1891-ல் கொடைக்கானலில் இறந்த அவரை, இடையன்குடிக் கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

நம் காதர்பேட்டையைப் பாருங்கள். பனியன் கம்பெனி வேலைக்குத் தெற்குச் சீமையிலிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தோர் எத்தனை பேர்! பல மாதம் ஒரே மெஷின் வரிசையில் இருந்தும், அருகிலிருப்பவரின் ஊர்ப்பெயர் நமக்குத் தெரியாது. வடக்கத்தியான் என்ற ஒரு சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுகிறோம். இவ்வாரம் ஒருவரிடமாவது அவர் ஊரையும், வீட்டார் நலத்தையும் அன்போடு விசாரியுங்கள். பிள்ளைகளுக்கும் உங்கள் சொந்த ஊரின் பெயரையும் வழியையும் சொல்லிக் கொடுங்கள்.

அந்நியனாயிருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டாயா என்று ஆண்டவர் நம்மைக் கேட்கும் நாள் ஒன்று உண்டல்லவா?

உங்கள் பங்குக் குரு