மெட்ராஸில் விமானம் ஓட்டிய ஹோட்டல்காரர்: யார் இந்த டி'ஏஞ்சலிஸ்?

சென்னையில் 1910 மார்ச்சிலேயே விமானம் பறந்துவிட்டது. ஓட்டியவர் பைலட் இல்லை, ஹோட்டல் முதலாளி!

கோர்சிகா தீவைச் சேர்ந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், மெட்ராஸில் கேக், இனிப்பு, கேட்டரிங் என்று தொழில் செய்து வளர்ந்தவர். மவுண்ட் ரோட்டில் அவர் பெயரிலேயே பெரிய ஹோட்டல் இருந்தது. 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்ட, இவருக்கும் ஆசை பிறந்தது.

இரண்டடுக்கு இறக்கை விமானத்தை அவரே வடிவமைத்தார். கோச் வண்டிகளுக்குப் பெயர்போன சிம்சன் கம்பெனி அதைக் கட்டிக்கொடுத்தது. என்ஜினுக்குச் சக்தி குறைவுதான்.

இன்று கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அன்று மெட்ராஸில் பயிற்சிப் பள்ளியே கிடையாது. தப்பு நடந்தால் உயிர் போகும். பல்லாவரத்தில் சத்தமில்லாமல் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு கட்டணம் வைத்து மக்கள் முன்னால் பறந்து காட்டினார்.

1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்தில் விமானத் தபால் கொண்டுபோன பெகேவின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. அவருக்கு 11 மாதம் முன்பே பறந்த டி'ஏஞ்சலிஸை ஊரே மறந்துபோனது. அவர் ஹோட்டலும் பின்னர் கைமாறி, பொசோட்டோ ஆனது.