வெறுங்காலால் வென்ற சிவதாஸ்!

களத்தில் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. எதிரே நின்றவர்களோ வெள்ளைக்காரச் சிப்பாய்கள்!

1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி. கல்கத்தா மைதானம். ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான கால்பந்து இறுதி ஆட்டம்.

ஈஸ்ட் யார்க்சயர் பட்டாளத்தை எதிர்த்து ஆடியது, மோகன் பகான் குழு. அதன் தலைவர் சிவதாஸ் பாதுரி. அவர் 1887-ல் பிறந்தவர். இடது ஓரத்தில் ஆடுவார். அவருடைய அண்ணன் விஜயதாசும் அதே குழுவில் ஆடினார்.

மோகன் பகான் சங்கம் 1889-ல் தொடங்கியது. பச்சையும் அரக்கும் கலந்த சட்டைதான் அதன் அடையாளம்.

பட்டம் சொன்ன சேதி

அது சோதனையான காலம். ஆங்கில அரசு 1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. மக்கள் மனம் புண்பட்டுக் கிடந்தது.

ஆட்டத்தைப் பார்க்க, மாசி மகத்துக்குக் கிள்ளை போகும் ஸ்ரீமுஷ்ணம் பெருமாளைச் சேவிக்க வருவது போல ஜனங்கள் திரண்டார்கள். தனி ரெயில்கள் விடப்பட்டன. பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை. யாருக்கு எத்தனை கோல் என்பதைப் பட்டம் பறக்கவிட்டுத் தெரிவித்தார்கள்.

முதல் கோல் போட்டது பட்டாளம். கூட்டம் வாயடைத்துப் போயிற்று.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. சிவதாஸ் பாய்ந்தார். கோல்! ஒன்றுக்கு ஒன்று.

மீண்டும் பந்து அவர் காலுக்கு வந்தது. அதை அபிலாஷ் கோஷிடம் தள்ளினார். அபிலாஷ் உதைத்தார். மறுபடியும் கோல்!

கேடயம் முதல் தடவையாக ஓர் இந்தியக் குழுவின் கைக்கு வந்தது. இந்து, முஸ்லிம் என்ற பேதமின்றி எல்லோரும் கொண்டாடினார்கள்.

அந்த வெற்றியால் அடிமைத்தனம் ஒழிந்துவிடவில்லை. அதற்கு இன்னும் 36 ஆண்டுகள் ஆயின. ஆனால், ஆள்பவனையும் வெல்ல முடியும் என்பதை ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள்.

மாறாத நிறம்

சிவதாஸ் 1932-ல் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1989-ல் சங்கத்தின் நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளியாயிற்று. 2020-ல் சங்கம் வேறொரு குழுவுடன் இணைந்தது. அந்தக் குழுவின் பெயரும் முன்னால் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். 2023-ல் அது நீக்கப்பட்டது.

பெயர் மாறிய நாட்களிலும் சட்டையின் நிறம் மாறவில்லை. பச்சையும் அரக்கும் கலந்த அந்தச் சட்டையை ரசிகர்கள் இன்றும் ஆசையோடு வாங்கிச் சேர்க்கிறார்கள். அதற்கு மதிப்புத் தேடித் தந்தவை, பூட்ஸ் அணியாத கால்கள்!