ரயில் கட்டைக்கும் காட்டுக்கும் கணக்குப் பார்த்த டாக்டர்

நோயாளிகளின் நாடி பார்க்க வந்த ஒரு டாக்டர், கடைசியில் காட்டின் நாடியைப் பார்த்தார். சென்னை மாகாணத்தின் முதல் வனக் கன்சர்வேட்டராக இருந்த ஹியூ கிளெக்ஹார்ன்தான் அவர். தடா, சூலூர்பேட்டை, ஸ்ரீசிட்டி பகுதிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு அவர் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் காலத்தில் தடாவும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. மேற்கே உப்பலமடுகு மலைக்காடும், கிழக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடும் அந்த மாகாணத்துக் காடுகளே.

கிளெக்ஹார்ன் 1820 ஆகஸ்ட் 9-ந் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர். பாட்டனாரின் பெயரும் ஹியூ கிளெக்ஹார்ன்தான். இலங்கை டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய சமயத்தில், டச்சுக்காரரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த சுவிஸ் படையை ஆங்கிலேயர் பக்கம் இழுத்தவர் இந்தப் பாட்டனார். பேரனுக்கு அந்தச் சாமர்த்தியம் தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது. சிறு வயதிலேயே அவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். எடின்பரோவில் வைத்தியம் படித்துத் தேறி, 1842-ல் கம்பெனியின் வைத்திய இலாகாவில் சேர்ந்து, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தார்.

சில ஆண்டுகளில் மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த ஷிமோகாவுக்கு அவரை மாற்றினார்கள். சுற்றிலும் மலைநாட்டுக் காடு. இங்கிலாந்தின் பெரிய தாவர நூல் அறிஞரான சர் வில்லியம் ஹூக்கர் அவருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். தினம் ஒரு செடியை எடுத்துக் கால் மணி நேரமாவது ஆராய வேண்டும் என்பது அது. கிளெக்ஹார்ன் அதை விரதம் போலக் கடைப்பிடித்தார். உள்ளூர்ச் சித்திரக்காரர் ஒருவரை அமர்த்தி, தினம் ஒரு செடியைப் படமாக எழுதச் செய்தார். பெரிய பரிசோதனைச் சாலை ஏதும் இல்லை. இலை, பூ, காய், ஊரார் சொல்லும் பெயர், அது எந்த நோய்க்கு ஆகும் என்ற விவரம் ஆகியவையே அவருக்குப் பாடம். செடியைத் தேடிக் காட்டுக்குள் போனவர், அங்கே தேக்கு மரங்கள் கேட்பாரற்று வெட்டப்படுவதையும், மலைச்சரிவுகள் எரிக்கப்படுவதையும் கண்டார்.

உடல்நலம் கெட்டு ஸ்காட்லாந்துக்குத் திரும்பியபோதும் இந்தக் கவலை அவரை விடவில்லை. 1850-ல் எடின்பரோவில் பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் மாநாடு கூடியது. உஷ்ணப் பிரதேசக் காடுகளை அழிப்பதால் என்ன விளையும் என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதில் முக்கியமாக உழைத்தவர் கிளெக்ஹார்ன். 1851-ல் அறிக்கை வெளிவந்தது. மழை, ஊற்று நீர், மண்ணின் ஈரம், மரத்தின் விலை இவற்றுக்கும் காட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த அறிக்கை அது. தறிகெட்ட காடழிப்பை நிறுத்திச் சட்டதிட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். காட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை இன்று பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். அன்றைக்கு சர்க்காரின் வருமானக் கணக்கில் அதற்கு இடம் கிடையாது.

சென்னைக்குத் திரும்பியதும் மெடிக்கல் காலேஜில் தாவர நூல் பேராசிரியரானார். கதீட்ரல் சாலைப் பக்கம் இருக்கும் தோட்டக்கலைச் சங்கத்தின் காரியதரிசி வேலையையும் பார்த்தார். அந்தத் தோட்டத்துச் செடிகளுக்கு 1853-ல் ஒரு பட்டியலே எழுதி வெளியிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ரயில் வந்தது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஊரெல்லாம் வேடிக்கை பார்த்தது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டையைப் பற்றி யோசித்தவர்கள் சொற்பம். கஜத்துக்கு ஒரு கட்டை என்று வைத்தாலே மைலுக்கு 1,760 கட்டைகள் வேண்டும். ராயபுரம்-வாலாஜா பாதை சுமார் 65 மைல்; அதற்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. போட்டதும் வேலை முடிந்துவிடாது. நம் வெயிலிலும் மழையிலும் கறையான் வாயிலும் கட்டை சில ஆண்டுகளில் உளுத்துவிடும்; மறுபடி மாற்ற வேண்டும். எஞ்சினும் அப்போது நிலக்கரியை நம்பி ஓடவில்லை. விறகைத்தான் தின்றது. இன்று தடா ஸ்டேஷனில் கான்கிரீட் கட்டையின் மேல் ஓடும் வண்டியைப் பார்ப்பவர்களுக்கு, அன்று ஒவ்வொரு மைலுக்கும் எவ்வளவு காடு போயிற்று என்பது எளிதில் மனத்தில் படாது.

அதே 1856 டிசம்பரில், கவர்னர் ஹாரிஸ் பிரபு ஆட்சியில், கிளெக்ஹார்ன் மாகாணத்தின் கன்சர்வேட்டராக நியமிக்கப்பட்டார். குதிரையிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மாகாணத்தின் காடுகளைச் சுற்றினார். 1858-ல் ஆனைமலையின் உயரமான தொடர்களுக்கு ஏறி, அங்குள்ள மரம் செடிகளைப் பற்றி எழுதினார். எந்த மரம் எங்கே எவ்வளவு நிற்கிறது, எந்தப் பருமனுக்குக் கீழே வெட்டக்கூடாது, வெட்டிய இடத்தில் எதை நடுவது என்று விதிகள் வகுத்தார். நிலம்பூரில் கானலி துரையும் சாத்து மேனோனும் 1840-களில் போட்ட தேக்குத் தோட்டம், நட்டு வளர்த்தால் காடு மீளும் என்பதற்குக் கண்கண்ட சாட்சியாக நின்றது.

அவருடைய வாழ்க்கையில் வாதத்துக்கு இடமான பகுதியும் இங்கேதான் வருகிறது. மலைவாசிகள் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, சாம்பலில் தானியம் விதைத்து, ஓரிரு போகம் எடுத்தபின் வேறிடம் போவது வழக்கம். கன்னட நாட்டில் இதைக் குமரி என்றார்கள். ஆந்திரத்தில் போடு என்கிறார்கள். கொஞ்சம் தானியத்துக்காக விலைமதிப்பில்லாத மரங்கள் சாம்பலாகின்றன என்பது கிளெக்ஹார்னின் கட்சி. 1860-ல் அனுமதியில்லாத குமரிச் சாகுபடியைச் சென்னை சர்க்கார் தடை செய்தது. ரயில் கட்டைக்கும் காப்பித் தோட்டத்துக்கும் காடு போவதை அவர் அறியாதவர் அல்ல. அவற்றையும் எழுதியே வைத்தார். ஆனாலும் கான்டிராக்டருக்கு லைசென்ஸ் கிடைத்தது. மலைவாசிக்குத் தடை கிடைத்தது. டாக்டரின் விஞ்ஞானத்தில் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த மருந்தின் கசப்பு முழுவதும் ஏழையின் வாயில்தான் ஊற்றப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தபின் அது இன்னும் இறுகியது.

நம் பக்கத்தில் அந்தக் கதை வேறு விதமாக நடந்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகேறிக் கால்வாய் வழியாகச் சென்னை அடுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தீவில் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள் ஏனாதிகள். அங்கே ராக்கெட் தளம் அமைந்து 1971-ல் முதல் ராக்கெட் பறந்தது. அவர்களுடைய குடியிருப்புகள் இடம் மாறின. வேலிக்குள் இருப்பதால் காடு தப்பியது. கடற்கரை ஓரமாக நாம் பார்க்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் பழைய வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் எஞ்சின் விறகுக்காகவே இந்தக் கரையில் சவுக்கு பெருமளவில் நடப்பட்டது.

தமது அறிக்கைகளைத் திரட்டி 1861-ல் தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூலாக வெளியிட்டார் கிளெக்ஹார்ன். சென்னையில் அவர் வேலையை, அவரிடம் உதவியாளராக இருந்த பெட்டோம் ஏற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார். கிளெக்ஹார்னை பஞ்சாபுக்கு அழைத்து, இமயமலைத் தேவதாருக் காடுகளைப் பார்க்கச் சொன்னார்கள். அதைப் பற்றிய அறிக்கை 1864-ல் வெளிவந்தது. இந்தியா முழுவதற்கும் வன இலாகா ஏற்பட்டு, ஜெர்மானியரான பிராண்டிஸ் தலைவரானார். அவர் இல்லாத சமயத்தில் அந்தப் பதவியைக் கிளெக்ஹார்ன் தற்காலிகமாக வகித்தார்.

ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராவிதி என்ற தமது பண்ணையில் குடியேறினார். சும்மா இருக்கவில்லை. மரம் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராகி, எடின்பரோ பல்கலைக் கழகத்தில் வனவியல் பாடம் வைக்கப் பாடுபட்டார். 1895 மே 16-ந் தேதி காலமானார்.

அவர் எழுதச் செய்த செடிப் படங்கள் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 2016-ல் அவற்றைப் பற்றி ஹென்றி நோல்டி நூல் எழுதினார். ஷிமோகாவில் தினம் ஒரு செடி எழுதிய சித்திரக்காரரின் பெயர் நமக்கு எட்டவில்லை. சென்னையில் அவருக்குப் படம் எழுதியவர்களில் கோவிந்து என்பவரின் பெயர் தெரிகிறது. ராபர்ட் வைட் என்ற தாவர நூல் அறிஞர் கிளெக்ஹார்னின் பெயரை ஒரு கொடி இனத்துக்கும், கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்கிட் இனத்துக்கும் சூட்டினார். கோவிந்துவின் இனத்தைப் பிற்காலத்தார் வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். கிளெக்ஹார்னியா என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.