பருத்திப் பூவின் ரகசியம்!

குழந்தைகளே... விளையாடும் போது முழங்காலில் அடிபட்டால், அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கும் அல்லவா? அது, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களின் வேலை. கிருமிகளை விரட்ட அங்கே ஓடி வந்து, சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. இதற்கு அழற்சி என்று பெயர். புண் ஆற அழற்சி தேவை. ஆனால், அடங்காமல் நீடித்தால் மூட்டுவாதம் போன்ற நோய்களில் கொண்டு போய் விடும்.

அழற்சியைத் தணிக்கும் பொருட்கள் பல, செடிகளில் உள்ளன. அவற்றில் ஒன்றை ஆராய்ந்து, அது எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டியவர், வேதியியல் மேதை டி.ஆர்.சேஷாத்ரி.

குளித்தலையில், 1900ம் ஆண்டு, பிப்ரவரி 3ம் தேதி பிறந்தார். தந்தை, பள்ளி ஆசிரியர். ஸ்ரீரங்கத்திலும், திருச்சியிலும் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1927ல் உதவித்தொகை பெற்று, இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ராபர்ட் ராபின்சன். பின்னாளில், நோபல் பரிசு பெற்றவர்!

டாக்டர் பட்டத்துடன், 1930ல் நாடு திரும்பிய சேஷாத்ரி, எங்கே பணிபுரிந்தார் தெரியுமா? நம் கோவை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்! போத்தனூரில் இருந்து பஸ் ஏறி லாலி ரோடு போனால், இன்று அங்கே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம்.

அடுத்து, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். பஞ்சுக்காகத் தான் எல்லாரும் பருத்தியைத் தேடுவர். சேஷாத்ரியோ, பருத்திப் பூவுக்கு நிறம் எப்படி வந்தது என்று தேடினார். கம்போடியா, உப்பம், கருங்கண்ணி என, நம் காடுகளில் விளைந்த பருத்திகளின் பூக்களை, மாணவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

இன்றுள்ள நவீன கருவிகள் அன்று கிடையாது. பூவில் இருந்து நிறப்பொருளைப் பிரித்தெடுத்து, அதைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றும் என்னவென்று பொறுமையாகக் கண்டறிய வேண்டும். அப்படித்தான், 'காசிப்பின்' என்ற மஞ்சள் நிறப்பொருளின் அமைப்பை, சேஷாத்ரி குழுவினர் கண்டுபிடித்தனர்.

அவர் 1949ல், டில்லி பல்கலைக்கழகம் சென்று, ஏராளமான மாணவர்களை விஞ்ஞானிகளாக உருவாக்கினார். 1960ல், லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963ல், பத்மபூஷண் விருது பெற்றார். 1975, செப்டம்பர் 27ல் மறைந்தார்.

காசிப்பின், எலிகளின் பாத வீக்கத்தைக் குறைப்பதாக ஓர் ஆய்வு வெளியானது 1978ல். அதைப் பார்க்க அவர் இல்லை! செல்லுக்குள், அழற்சியைத் தூண்டும் 'சுவிட்ச்' ஒன்று உண்டு. பரிசோதனைக் கூடத்தில் வளர்த்த செல்களில், அந்தச் சுவிட்ச் இயங்காமல் காசிப்பின் தடுப்பதை, 2007ல் அமெரிக்காவில் செய்த ஆய்வு காட்டியது.

இதைப் படித்து, பருத்திப் பூவைப் பறித்து விழுங்கி விடாதீர்கள். செல்லிலும், எலியிலும் பலன் தந்த பொருள் மருந்தாக மாற, இன்னும் பல சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஆனால், ஒரு பூவின் நிறத்தைப் பற்றி எழுந்த கேள்வி, அத்தனை ஆண்டுகள் கழித்து, மருத்துவத்துக்குப் புதிய வழி காட்டியதைப் பார்த்தீர்களா!

தோட்டத்துப் பூவைப் பார்த்து, 'இது ஏன் மஞ்சளாக இருக்கிறது?' என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றினால், தயங்காமல் கேளுங்கள்!